இருமல் வருமுன் ஊசி

கட்ரா என்பது ஒரு சிறிய ஊர். அது ஜம்மு பகுதியில், மலை அடிவாரத்தில் இருக்கிறது. வைஷ்ணவ தேவி கோயிலுக்குப் போகிறவர்கள் இங்கிருந்துதான் மலை ஏறுவார்கள். ஏற வேண்டிய தூரம் சுமார் 13 கிலோமீட்டர். எல்லோராலும் நடக்க முடியுமா? வயதானவர்கள் வருகிறார்கள். கைக்குழந்தையோடு வருகிறவர்களும் உண்டு. அவர்களை மட்டக்குதிரைகளும் கோவேறு கழுதைகளும் சுமந்து செல்கின்றன. மூட்டை முடிச்சுகளையும் அவையே சுமக்கின்றன. கூடவே குதிரைக்காரர் நடந்து போகிறார். அந்த உழைப்பில்தான் அவர் குடும்பம் சாப்பிடுகிறது.

2008-ஆம் ஆண்டு ஜூன் மாதம். கட்ராவில் குதிரைகள் இருமத் தொடங்கின. காய்ச்சல் அடித்தது. மூக்கு ஒழுகியது. தீவனத்தைத் தொடவில்லை. ஒரு குதிரைக்கு வந்தது அடுத்த குதிரைக்கும் வந்தது. அதோடு நிற்கவில்லை. அடுத்த சில மாதங்களில் பல மாநிலங்களுக்குப் பரவியது. சுமை தூக்கும் கழுதையும் தப்பவில்லை. பல லட்சம் விலை பெறும் பந்தயக் குதிரையும் தப்பவில்லை.

அது என்ன நோய்? அதன் பெயர் குதிரைக் காய்ச்சல். இன்ஃபுளுயன்சா என்றும் சொல்வார்கள். இதற்குத் தடுப்பூசி உண்டு. அந்த ஊசியைப் பற்றித் தெரிந்து கொள்வோம்.

குதிரை படுத்தால் குடும்பமும் படுக்கும்

நம் நாட்டில் எத்தனை குதிரைகள் இருக்கின்றன? 2019-ஆம் ஆண்டு கால்நடைகளைக் கணக்கு எடுத்தார்கள். குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம். கழுதைகள் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம். கோவேறு கழுதைகள் சுமார் 84 ஆயிரம்.

இவற்றில் பந்தயம் ஓடுபவை கொஞ்சம்தான். பெரும்பாலானவை உழைப்பவை. சில செங்கல் சூளையில் கல் சுமக்கின்றன. சில வண்டி இழுக்கின்றன. கேதார்நாத்திலும் அமர்நாத்திலும் யாத்திரை போகிறவர்களைச் சுமக்கின்றன. மகாராஷ்டிரத்தில் மாத்தேரான் என்று ஒரு மலை ஊர் உண்டு. அந்த ஊருக்குள் கார், பஸ் ஓடக் கூடாது. அங்கும் குதிரைகள் ஆட்களைச் சுமக்கின்றன.

கோவேறு கழுதை வாங்கப் பலர் கடன் வாங்குகிறார்கள். யாத்திரைக் காலம் ஆண்டில் சில மாதங்கள்தான். அந்தச் சில மாதத்துச் சம்பாத்தியத்தில்தான் கடனைக் கட்ட வேண்டும். மீதி மாதங்களுக்கும் அதுதான் சோறு. அந்த நேரம் பார்த்துக் குதிரை படுத்தால் குடும்பமே படுத்துவிடும்.

நோயின் அடையாளங்கள்

இது வைரஸ் என்ற கிருமியால் வருகிறது. கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு கிருமி அது. உடம்புக்குள் போன ஒன்று முதல் மூன்று நாட்களில் நோய் தெரியும்.

முதலில் காய்ச்சல் வரும். நல்ல குதிரையின் உடம்புச் சூடு சுமார் 100 டிகிரி இருக்கும். இந்த நோயில் அது 103 முதல் 106 டிகிரி வரை ஏறும். பிறகு இருமல் வரும். அது வறட்டு இருமல். சத்தமாக இருக்கும். மூக்கிலிருந்து முதலில் தண்ணீர் போல ஒழுகும். பிறகு கெட்டியான சளி வரும். குதிரை தலையைத் தொங்கப் போட்டு நிற்கும். கொள்ளு வைத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டு விலகிவிடும்.

நல்ல ஓய்வு கிடைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் தேறிவிடும். சிறு குட்டிகளுக்கு ஆபத்து அதிகம். கழுதைகளுக்கு இந்த நோய் குதிரையைவிடக் கடுமையாக வரும்.

நோய் பரவும் வழி

குதிரை இருமும்போது கிருமி காற்றில் பறக்கிறது. பல அடி தூரம் போகிறது. அடுத்த குதிரை அந்தக் காற்றை இழுக்கிறது. அவ்வளவுதான், அதற்கும் நோய் வந்துவிடும்.

வேறு வழியும் உண்டு. ஒரே வாளியில் நாலு குதிரை தண்ணீர் குடித்தால் பரவும். ஒரு குதிரையின் கடிவாளத்தை இன்னொன்றுக்கு மாட்டினால் பரவும். மனிதரின் கையும் துணியும்கூடக் கிருமியைச் சுமக்கும். நோயுள்ள குதிரையின் மூக்கைத் துடைத்த கையால் நல்ல குதிரைக்குத் தீவனம் வைக்கக் கூடாது. முதலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வேண்டும். சோப்பும் வெயிலும் இந்தக் கிருமிக்கு எதிரிகள்.

மனிதருக்கு இந்த நோய் வருமா? சாதாரணமாக வருவதில்லை. ஆனால் மூக்கில் சளி வருவதெல்லாம் இந்தக் காய்ச்சல் என்று நினைக்கக் கூடாது. கிளாண்டர்ஸ் என்று வேறொரு நோய் இருக்கிறது. அதிலும் குதிரைக்கு மூக்கில் சளி வரும். அந்த நோய் மனிதருக்குத் தொற்றும். உயிரையும் எடுக்கும். எது எந்த நோய் என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சளி எடுத்தும் இரத்தம் எடுத்தும் பரிசோதனை செய்வார்கள். அதுவரை வெறும் கையால் சளியைத் தொட வேண்டாம்.

ஓய்வே மருந்து

இந்த வைரஸைக் கொல்ல நாட்டு மருந்தும் இல்லை, கடை மருந்தும் இல்லை. காய்ச்சலைக் குறைக்க மருத்துவர் மருந்து கொடுப்பார். வேறு கிருமி சேர்ந்துகொண்டால் அதற்கும் மருந்து கொடுப்பார். ஆனால் குதிரையைத் தேற்றுவது ஓய்வுதான்.

எத்தனை நாள் ஓய்வு? இதற்கு மருத்துவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். ஒரு நாள் காய்ச்சல் அடித்தால் ஒரு வாரம் ஓய்வு. மூன்று நாள் அடித்தால் மூன்று வாரம். எப்படி இருந்தாலும் மூன்று வாரத்துக்குக் குறையக் கூடாது.

ஏன் இவ்வளவு நாள்? இந்தக் கிருமி மூச்சுக் குழாயின் உள்தோலைப் புண்ணாக்கிவிடுகிறது. அந்தப் புண் ஆற வேண்டும். ஆறும் முன் சுமை ஏற்றினால் வேறு கிருமிகள் நுரையீரலுக்குள் போய்விடும். சளிச் சுரம் வரும். குதிரை இறந்தும் போகலாம்.

மறைத்தால் யாருக்கு நட்டம்?

இப்படி நினைத்துப் பாருங்கள். மலைப்பாதை ஓரத்தில் ஒரு கொட்டகை. அதில் இருபது குதிரைகள். இருபதும் பத்துப் பேருடையவை. காலை நேரம். ஓர் இளைஞர் பக்கத்தில் இருக்கும் பெரியவரிடம் வருகிறார்.

"சாச்சா, என் குதிரை ராத்திரி முழுக்க இருமியது. மருத்துவரிடம் காட்டட்டுமா?"

"காட்டினால் என்ன சொல்வார் தெரியுமா, மகனே? மூன்று வாரம் கட்டிப் போடு என்பார். கடன்காரன் மூன்று வாரம் காத்திருப்பானா? தூசியாக இருக்கும். கொஞ்சம் வெல்லம் கொடு. இரண்டு நடை போய் வா."

பெரியவர் கெட்டவர் அல்ல. அந்தக் குடும்பத்தின் பசி அவருக்குத் தெரியும். அதனால்தான் அப்படிச் சொல்கிறார். ஆனால் என்ன நடக்கும்? இருமும் குதிரை மலைப்பாதையில் போகும். வழியில் தொட்டியில் தண்ணீர் குடிக்கும். எதிரே வரும் குதிரைகளை உரசிக்கொண்டு போகும். ஒரு வாரத்தில் இருபது குதிரைகளும் இருமும். அதில் பெரியவரின் குதிரையும் ஒன்று. ஒருவர் மூன்று வார வருமானத்தைக் காப்பாற்றப் பார்த்தார். கடைசியில் பத்துப் பேரின் வருமானமும் போய்விடும்.

அந்த இளைஞர் வேறு என்ன செய்திருக்கலாம்? இருமல் வந்த பிறகு அவருக்கு நல்ல வழி இல்லை. ஓய்வு கொடுத்தாலும் நட்டம். கொடுக்காவிட்டாலும் நட்டம். நல்ல வழி இரண்டு மாதத்துக்கு முன்பே இருந்தது. அதுதான் தடுப்பூசி.

ஊசி என்ன செய்கிறது?

ஊருக்கு ஒரு காவல்காரர் இருக்கிறார். திருடனை அவர் பார்த்ததே இல்லை. திருடன் எதிரில் வந்தாலும் அவருக்குத் தெரியாது. திருடனின் படத்தை முன்பே காட்டினால்? பார்த்ததும் பிடித்துவிடுவார்.

தடுப்பூசியும் இப்படித்தான். ஊசி மருந்தில் இருப்பது செத்த கிருமி. அதனால் நோய் வராது. ஆனால் குதிரையின் உடம்பு அந்தக் கிருமியின் அடையாளத்தைத் தெரிந்து கொள்கிறது. அதை எதிர்க்கும் சக்தியைத் தயார் செய்து வைக்கிறது. உண்மையான கிருமி வந்தால் உடனே எதிர்க்கிறது.

இந்தத் திருடனிடம் ஒரு தந்திரம் உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக வேடம் மாற்றிக்கொண்டே இருப்பான். மீசை வைப்பான், தாடி வளர்ப்பான். பழைய படம் உதவாமல் போகும். அதனால் ஊசி மருந்தையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

நம் நாட்டிலும் இது நடந்தது. 1987-ஆம் ஆண்டு வட இந்தியாவில் குதிரைக் காய்ச்சல் பரவியது. ஹரியானா மாநிலம் ஹிசார் நகரில் தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 1987-இல் பரவிய கிருமியை வைத்து அந்த மையம் தடுப்பூசி தயாரித்தது. பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் நோய் தலைகாட்டவில்லை. 2008-இல் கட்ராவில் வந்தபோது கிருமி மாறி இருந்தது. கட்ரா குதிரைகளிடமிருந்து அந்தக் கிருமியை எடுத்தார்கள். அதை வைத்து ஊசி மருந்தைப் புதுப்பித்தார்கள்.

எப்போது போட வேண்டும்?

ஓர் ஊசி போதாது. இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்.

முதல் ஊசி: குட்டிக்கு 6 மாதம் ஆனதும். பெரிய குதிரைக்கு எந்த வயதிலும் தொடங்கலாம்.

இரண்டாம் ஊசி: 4 முதல் 6 வாரம் கழித்து.

மூன்றாம் ஊசி: அதிலிருந்து 5 அல்லது 6 மாதம் கழித்து.

அதன் பிறகு: 6 மாதத்துக்கு ஒரு முறை அல்லது ஆண்டுக்கு ஒரு முறை. எது தேவை என்று மருத்துவர் சொல்வார். பல ஊர்க் குதிரைகளோடு கலந்து நிற்கும் குதிரைக்கு 6 மாதத்துக்கு ஒரு முறை நல்லது.

சினைக் குதிரைக்கு, குட்டி போடுவதற்கு 4 முதல் 6 வாரத்துக்கு முன் ஊசி போடுவார்கள். சீம்பால் வழியாகக் குட்டிக்கும் எதிர்ப்புச் சக்தி போய்ச் சேரும்.

ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது. இரண்டாம் ஊசி போட்டு இரண்டு வாரம் ஆக வேண்டும். யாத்திரை மே மாதம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஊசியை பிப்ரவரி மாதமே போட வேண்டும். இரண்டாம் ஊசியை மார்ச் மாதம் போட வேண்டும். அப்போதுதான் மே மாதம் குதிரை தயாராக இருக்கும்.

ஊசி மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். உறையவும் விடக் கூடாது. வெயிலில் கிடந்த மருந்து வீண். ஒவ்வொரு குதிரைக்கும் புது ஊசி வேண்டும். இந்த இரண்டையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. போட்ட தேதியை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு இது பெரிய வேலை அல்ல. அடுத்த ஊசி என்றைக்கு என்று அந்த நோட்டே சொல்லும்.

குதிரைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

"ஊசி போட்டால் குதிரை வேலை செய்யாதாமே?"
ஊசி போட்ட இடம் கொஞ்சம் வீங்கலாம். லேசாகக் காய்ச்சல் வரலாம். இரண்டு நாள் சுமை ஏற்றாமல் விடுங்கள். இரண்டு நாள் ஓய்வா, மூன்று வார ஓய்வா? எது குறைவு?

"இப்போது இருமுகிறது. இன்றே ஊசி போடலாமா?"
தடுப்பூசி நோயைத் தீர்க்காது. காய்ச்சல் உள்ள குதிரைக்குப் போடக் கூடாது. அதைத் தனியாகக் கட்டுங்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்.

"ஊசி போட்ட குதிரைக்கும் நோய் வந்ததாமே?"
வரலாம். 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிரிட்டனில் அப்படி வந்தது. அவை ஊசி போட்ட பந்தயக் குதிரைகள். நோய் பரவாமல் இருக்கப் பந்தயங்களை ஆறு நாள் நிறுத்தினார்கள். ஆனால் ஊசி போட்ட குதிரைக்கு நோய் லேசாக வரும். சீக்கிரம் தேறும். அது இருமி வெளியே விடும் கிருமியும் குறைவு.

"என் குதிரைக்கு மட்டும் போட்டால் போதாதா?"
போதாது. கொட்டகையில் இருபது குதிரைகள். ஐந்துக்கு மட்டும் ஊசி போட்டால் கிருமி மற்றப் பதினைந்தில் குடியிருக்கும். பெரும்பாலானவற்றுக்குப் போட்டால் அது பரவ வழி இல்லாமல் போகும். அதனால் கொட்டகைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து போட வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் மருத்துவரையும் கொட்டகைக்கே வரச் சொல்லலாம்.

ஊசி இல்லாத காலம்

1872-ஆம் ஆண்டு. அப்போது இந்த ஊசி கிடையாது. கனடா நாட்டில் டொராண்டோ நகரத்துப் பக்கம் குதிரைகள் இருமத் தொடங்கின. சில மாதங்களில் நோய் அமெரிக்கா முழுவதும் பரவியது. அந்தக் காலத்தில் நகரத்தில் எல்லாமே குதிரை வண்டிதான். கடைகளுக்குச் சரக்கு வரவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 9-ஆம் தேதி பாஸ்டன் நகரத்தில் பெரும் தீப்பிடித்தது. தீயணைக்கும் வண்டியை இழுக்கக் குதிரை இல்லை. ஆட்களே கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

அது பழைய கதை என்று விட்டுவிட முடியாது. 2025-ஆம் ஆண்டு உத்தராகண்ட் மாநிலம் ருத்ரபிரயாக் மாவட்டத்தில் இந்த நோய் மறுபடியும் தெரிந்தது. அந்த மாவட்டத்தில்தான் கேதார்நாத் இருக்கிறது. யாத்திரைக்கு முன்பே ஆயிரக்கணக்கான குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் பரிசோதித்தார்கள். மே மாதம் யாத்திரை தொடங்கியது. முதல் சில நாட்களிலேயே பத்துக்கும் மேற்பட்டவை இறந்தன. வேறு கிருமியும் காரணமாக இருக்கலாம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். பாதையில் குதிரைகள் போவதை அரசு நிறுத்தி வைத்தது. நோயில்லாத குதிரை வைத்திருந்தவர்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று.

யாரிடம் சொல்வது?

பந்தயக் குதிரைகளுக்குத் தவறாமல் ஊசி போடுகிறார்கள். உழைக்கும் குதிரைகளில் பலவற்றுக்குப் போடுவதில்லை. பலருக்கு ஊசி இருப்பதே தெரியாது. தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

அரசுக் கால்நடை மருத்துவமனையில் போய்க் கேளுங்கள். பல மாநிலங்களில் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை மருத்துவ வண்டி வரும்.

2009-ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. கால்நடைகளின் தொற்று நோய்களைத் தடுக்கும் சட்டம் அது. குதிரைக் காய்ச்சலும் அதில் இருக்கிறது. நோய் என்று சந்தேகம் வந்தால் கிராம அதிகாரியிடமோ பஞ்சாயத்திலோ சொல்ல வேண்டும். நோயுள்ளதைத் தனியாக வைக்க வேண்டும். அதைச் சந்தைக்கோ திருவிழாவுக்கோ ஓட்டிப் போகக் கூடாது.

குதிரைக்கு வாய் இல்லை. தனக்கு நோய் என்று அது சொல்லாது. இருமிக்கொண்டே சுமையைத் தூக்கும். அதற்காகப் பேச வேண்டியவர் கடிவாளத்தைப் பிடித்திருப்பவர்தான்.

நினைவில் வைப்போம்

1. தடுப்பூசி நோய் வருமுன் போடுவது.
2. ஓர் ஊசி போதாது. தேதியை எழுதி வைத்துத் தொடர்ந்து போட வேண்டும்.
3. கொட்டகையில் எல்லாக் குதிரைகளுக்கும் போட வேண்டும்.
4. இருமும் குதிரையைத் தனியாகக் கட்ட வேண்டும். வாளியும் கடிவாளமும் தனி.
5. நோய் வந்தால் குறைந்தது மூன்று வாரம் ஓய்வு.
6. இருமலை மறைக்கக் கூடாது.

யோசித்துப் பேசுவோம்

1. அந்த இளைஞருக்குப் பெரியவர் வேறு என்ன சொல்லியிருக்கலாம்?
2. யாத்திரை ஜூலையில் தொடங்கினால் முதல் ஊசியை எந்த மாதம் போட வேண்டும்?
3. உங்கள் ஊரில் குதிரை, கழுதை வைத்திருப்பவர்கள் யார்? இந்தப் பாடத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டுவீர்களா?